மேல்கைத் தோல் அறுவை சிகிச்சை: முதலில் தழும்பைப் பாருங்கள்

38 கிலோ குறைத்த பிறகும் என் மேல்கையில் தோல் தொளதொளவென்று தொங்கியது. உடற்பயிற்சி தசையை வலுவாக்கும். நீண்டு தளர்ந்த தோலை அது சுருக்காது. லிபோசக்‌ஷன் கொழுப்பைத்தான் எடுக்கும். அதனால்தான் தொங்கும் தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் பிராக்கியோபிளாஸ்டி செய்துகொண்டேன்.

தோல் நிறையத் தொங்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை வெட்டுவார்கள், கையின் உள்பக்கமாகவோ பின்பக்கமாகவோ. அந்தக் கோடு மங்கும், மறையாது. ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது, அவர் செய்த சிகிச்சைகளின் தழும்புப் படங்களைக் கேளுங்கள். ஒரு வருடம் ஆனவை, கையைத் தூக்கி எடுத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு நான் மூன்று மாதம் யோசித்தேன். தொங்கும் தோலுக்கு இந்தக் கோடு பரவாயில்லை என்று மனது ஒப்பிய பிறகே தேதி வாங்கினேன்.

சிகிச்சைக்கு முன் எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். புகை பிடித்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிடுங்கள்; நிக்கோட்டின் புண்ணை ஆறவிடாது. ஆஸ்பிரின் முதல் மூலிகை மாத்திரை வரை சாப்பிடுவதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம் வீடு. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்த முதல் சில வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. டம்ளர், மாத்திரை, சார்ஜர் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள சட்டைகள் வேண்டும். தலைவார ஓர் ஆள் வேண்டும். எனக்குப் பத்து நாள் என் தங்கைதான் பின்னிவிட்டாள்.

சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கும், இரண்டு மூன்று மணி நேரம். கண் விழிக்கும்போது கட்டும், சிலருக்கு நீர் வடிய டியூபும் இருக்கும். எனக்கு வலியைவிட இறுக்கம்தான் அதிகம். கைகளைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், முதல் நாளிலிருந்தே மெல்ல நடங்கள். மேல்கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை மருத்துவர் சொன்ன காலம் வரை கழற்றாதீர்கள். கனமான எதையும் நான்கு முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம் அக்குளில் தையல் கொஞ்சம் பிரிந்தது. பயந்துபோனேன். ஈரமும் அசைவும் உள்ள இடம் என்பதால் அங்கே இப்படி ஆகலாம். கட்டுப் போட்டே ஆறியது. ஆனால் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், ஒரு கை மட்டும் திடீரென்று வீங்குவது என்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முன்கையின் உள்பக்கம் மரத்துப்போகலாம், அந்த வழியாக நரம்பு ஓடுகிறது. பலருக்குச் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். எனக்கு முழங்கை அருகே ஓர் இடம் இன்னும் உணர்ச்சியில்லாமல்தான் இருக்கிறது.

ஆரம்ப மாதங்களில் தழும்பு சிவந்து தடித்திருக்கும். மனம் தளராதீர்கள். புண் முழுதாக மூடியதும் மருத்துவரைக் கேட்டு சிலிக்கோன் பட்டை ஒட்டுங்கள், வெயில் படாமல் மூடுங்கள். அது மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தெரியாத மாற்றம் அதில் தெரியும்.