ஒரு சாய்கோடு செய்த குழப்பம்

எங்கள் மென்பொருளின் ஆவணத் தளத்தில் "நிறுவல்" என்ற இணைப்பு சிலருக்கு மட்டும், பக்கம் கிடைக்கவில்லை என்னும் 404 பிழையைக் காட்டியது. என் கணினியில் அது ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதால், இரண்டு நாட்களாக உலாவி சேமித்துவைக்கும் பழைய நகல்களான கேஷ் மீது வீண்பழி சுமத்திக்கொண்டிருந்தேன். புகார் அளித்தவர் அனுப்பிய திரைப்பிடிப்பில் முகவரி "/கையேடு" என்று முடிந்திருந்தது, என்னுடையதோ "/கையேடு/". இணைய முகவரிகளுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 3986 வகுத்துள்ள விதிப்படி, சார்பு இணைப்பை (முழுப் பாதையின்றி, இருக்கும் பக்கத்தைச் சார்ந்து எழுதப்பட்டதை) விரிக்கும் உலாவி, பக்க முகவரியில் கடைசி "/" சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை நீக்கிவிடும் என்பதால், எனக்கு "/கையேடு/நிறுவல்" என விரிந்த அதே இணைப்பு அவருக்கு வெறும் "/நிறுவல்" ஆகிவிட்டது. சாய்கோடின்றி வரும் கோரிக்கைகளை 301 என்னும் நிரந்தரத் திருப்புக் குறியீட்டின் மூலம் சாய்கோடுள்ள முகவரிக்குத் திருப்புமாறு எங்கள் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பில் ஒரு விதியைச் சேர்த்தேன். பக்கங்களுக்குள் இருந்த இணைப்புகளையும் "/" என்று தொடங்கும் முழுப் பாதைகளாக மாற்றி எழுதினேன். அதன்பின் அந்த 404 சர்வர் பதிவுகளில் தென்படவில்லை.