பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரை உடனே மாற்றாதீர்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற கோடு (பிழைக் குறியீடு) வருகிறது, உடனே புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள், இரண்டு நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. பி0171 என்பதற்கு அர்த்தம் கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்று கோடு சொல்லாது. லீன் என்று கண்டுபிடித்ததே பெரும்பாலும் அந்த சென்சார்தான், அதை ஏன் கழற்ற வேண்டும்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் ஈஎல்எம்327 என்ற ஸ்கேனர் அடாப்டரைச் செருகி போனில் இணைத்தாலே போதும். கோடை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள், விளக்கு எரியக் காரணமான நேரத்தில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் எவ்வளவு என்று அதில்தான் இருக்கிறது, அழித்தால் அதுவும் போய்விடும்.

அப்புறம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு. என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஷார்ட் (அந்தந்த நேரத் திருத்தம்), லாங் (நாள்பட்ட திருத்தம்) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் +5க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது, ஏனென்றால் ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் வரும் ரப்பர் குழாய், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ் மூன்றையும் வளைத்து வளைத்துப் பாருங்கள், மடிப்பின் அடியில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் (புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். சூடான இன்ஜின்மேல் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது தீப்பிடிக்கும் வேலை, வேண்டாம்.

ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) காரணமாக இருக்கலாம். மாஃபை அதற்கென்று விற்கும் கிளீனரால் மட்டும் அடியுங்கள், விரல் படக்கூடாது. மாஃப் இல்லாமல் மேப் சென்சார் (இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள கார்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது வேறு விஷயம், மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், ஓரம்கட்டி நிறுத்துங்கள். பி0301 (முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) வந்து, சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் இருக்கிற வண்டியாக இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள், கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர்) என்று மாறினால் காயில்தான் காரணம்.

சரிசெய்தபின் கோடை அழியுங்கள். லாங் ட்ரிம்மும் பூஜ்யமாகிவிடும் என்பதால் அன்றைக்கே பார்த்து ஏமாந்துவிடாமல், சில நாள் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேனரை மாட்டி ட்ரிம்மையும் பெண்டிங் (இன்னும் விளக்கை எரியவைக்காத) கோடுகளையும் பாருங்கள்.