பட்டா எடுக்கத் தம்பியைக் கூப்பிடும் முன்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருத்தன் இருந்தால் போதும், "தம்பி, கொஞ்சம் பட்டா எடுத்துக் குடுப்பா" என்று சித்தப்பா, பெரியப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரைக்கும் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள், அவனோ ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருப்பான். பாவம் அந்தப் பையன்.

பட்டா எடுப்பது உங்கள் போனிலேயே முடிகிற வேலை. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ (சர்வே நம்பர்) போட்டு, போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் வந்துவிடும். காசு கிடையாது. பலர் தடுமாறுவது உட்பிரிவில்தான்: 112/2பி என்று இருந்தால் புல எண் கட்டத்தில் 112 மட்டும் போடுங்கள், 2பி-யை உட்பிரிவில் தேர்ந்தெடுங்கள். இந்த எண்களை வீட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டுக் கேட்டு அலைய வேண்டாம்.

உதவி செய்கிற தம்பிகளுக்கும் ஒன்று: கேட்பவரின் போனை வாங்கி நீங்களே தட்டாதீர்கள். அவர் கையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், மெதுவாகத்தான் போகும், போகட்டும். கண் சரியாகத் தெரியாத தாத்தா பாட்டி என்றால் மட்டும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கரண்ட் போனால் எலக்ட்ரீஷியன் மச்சானை எழுப்பும் முன் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கூப்பிட வேண்டியது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.