நைனிதாலில் மழையா, பனியா? டெல்லியில் இருந்து கிளம்பும்முன் செய்யக்கூடாத தவறுகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இதே பேச்சுதான்: "இந்த வாரம் நைனிதால் போனால் பனி பார்க்கலாமா?" போன் செயலியில் பனித்துகள் படம் தெரிந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரியே காரை எடுத்துவிடுகிறார்கள். சுமார் 300 கிலோமீட்டர் தாண்டிப் போய் இறங்கினால் ஏரிக்கரையில் சில்லென்று மழை கொட்டுகிறது, குழந்தைகளின் முகம் வாடிவிடுகிறது. அதே நேரத்தில் ஏரிக்கு மேலே இருக்கும் ஸ்னோ வியூ மலைமுகட்டில் பனி விழுந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் கணிப்பு தப்புவதில்லை. அதை நாம் படிக்கும் விதம்தான் தப்பு.

முதல் தவறு, ஊர் பெயரைப் போட்டுத் தேடுவது. தேட வேண்டியது உயரத்தை. நைனிதால் ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,940 மீட்டர், ஸ்னோ வியூ 2,270 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால் இந்த இரண்டுக்கும் இடையிலேயே இரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கிறது. குளிர்காலத்தில் மழையும் பனியும் பிரியும் கோடு பல தடவை இந்த இடைவெளியில்தான் மேலும் கீழும் ஆடுகிறது. செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் உலகளாவிய கணினி மாதிரிகள் நிலத்தைப் பத்து கிலோமீட்டர் அளவு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. 2025 மே மாதம் வந்த நம் பாரத் முன்னறிவிப்பு முறைக்குக்கூட கட்டம் 6 கிலோமீட்டர். ஏரி, சிகரம், அடிவாரச் சரிவு எல்லாமே ஒரே கட்டத்துக்குள் கலந்து ஒரு சராசரி உயரமாகிவிடும். ஆகவே படத்தை விட்டுவிட்டு டேராடூன் வானிலை மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். "2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் பனிப்பொழிவு" என்பதுபோல அதில் உயரத்தோடு ஒரு வரி இருக்கும். 2,500 என்று போட்டிருந்தால் ஏரிக்கரையில் மழைதான். 2,000 என்று இறங்கினால் நம்பிக்கையோடு பெட்டி கட்டலாம்.

அடுத்தது வெப்பமானியை மட்டும் நம்புவது. இதில்தான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். "3 டிகிரி காட்டுகிறது, பூஜ்யத்துக்கு மேலே, அப்புறம் எப்படிப் பனி விழும்?" என்று கேட்பார்கள். விழும். காற்று காய்ந்திருந்தால் விழுகிற பனித்துகளின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே போகும். அந்த ஆவியாதல் துகளையும் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். ஈரக்குமிழ் வெப்பநிலை என்பது இதைத்தான் அளக்கிறது. நைனிதால் உயரத்தில் 3 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. பனி உருகாமல் தரைக்கு வந்து சேரும். அதே 3 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் இரண்டரை டிகிரிக்குக் குறையாது. அப்போது வெறும் மழைதான். ஈரக்குமிழ் ஒரு டிகிரிக்கு அருகில் நின்றால் இரண்டும் கலந்த சொதசொதப்பு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பொழிவின் வேகம். பனி உருகும்போது சுற்றுக் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தூறலாக இருந்தால் அது பெரிதில்லை. வலுவாகக் கொட்டினால் கீழ்க் காற்று முழுக்கப் பூஜ்யத்துக்கு வந்து, பனிக்கோடு சில நூறு மீட்டர் இறங்கிவிடும். சாயங்காலம் மழையாக ஆரம்பித்தது ராத்திரி பதினோரு மணிக்குப் பனியாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கடுங்குளிர், அதனால் பனி வரும்" என்ற நினைப்பும் வேண்டாம். டெல்லியில் நாம் ரஜாய்ப் போர்வையை விட்டு எழவே முடியாத பல இரவுகளில் வானம் நிர்மலமாக இருக்கும். மேகமே இல்லாமல் பனிப்பொழிவு எங்கிருந்து வரும்? இமயமலைக்குக் குளிர்கால ஈரத்தைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற வானிலை அமைப்புகள். அவை நெருங்கும்போது தெற்குப் பக்கக் காற்று வீசி, மேகம் மூடி, இரவு கொஞ்சம் கதகதப்பாகக்கூட ஆகும். நிஜமான குளிர்காற்று அந்த அமைப்பு கடந்துபோகும்போதுதான் வடமேற்கிலிருந்து வரும், ஆனால் அதற்குள் ஈரம் பாதி போய்விடும். குளிரும் ஈரமும் ஒன்றாக நிற்கும் அந்தச் சில மணிநேரம்தான் ஏரிக்கரைக்குப் பனி கொடுக்கிறது. டெல்லியில் நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால், அன்று மலையைக் கவனியுங்கள்.

ஶ்ரீநகரோடு ஒப்பிடுவதும் சரிப்படாது. டல் ஏரி நைனிதாலைவிடத் தாழ்வாக, சுமார் 1,585 மீட்டரில் இருந்தும் அங்கே பனி விழுகிறது. அது இன்னும் வடக்கே, குளிர்காற்று தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கு. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஏரியே பனியைக் கொட்டுகிறதே என்றால், அதற்குக் குளிர்காற்று நூறு கிலோமீட்டருக்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீர்மேல் ஓட வேண்டும். நம் ஏரியின் நீளம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை.

அளவிலும் குழப்பம் வரும். முன்னறிவிப்பில் 10 மில்லிமீட்டர் என்றால் அது தண்ணீர்க் கணக்கு. முழுக்கப் பனியாக விழுந்தால் சுமார் 10 சென்டிமீட்டர், ஈரப்பனியானால் அதிலும் குறைவு. மழைப்பதிவில் ஒரு நாள் என்பது முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. ஞாயிறு தேதியில் காணும் அளவில் பெரும்பகுதி சனிக்கிழமையே விழுந்திருக்கலாம்.

கடைசியாகச் சாலை. இதை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை கலந்து விழுந்த பனி பகலில் பாதி உருகி, வானம் தெளிந்ததும் இரவில் கண்ணாடிபோல உறைந்துவிடும். தார்ச்சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோலத்தான் தெரியும், பிரேக் பிடிக்காது. 'திங்கட்கிழமை ஆபீஸ்' என்று விடியற்காலை ஐந்து மணிக்கே கீழே இறங்க வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் வெயில் பட்ட பிறகு கிளம்புங்கள், மலையடிவாரத்துக் காட்கோதாம் வரை சின்ன கியரிலேயே வாருங்கள்.