பலகை இல்லாத அருவிக்கு இறங்குவது எப்படி

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று போய், காளிகேசத்துக்குத் திரும்பும் மலைப்பக்கத்தில் இருக்கிறது நான் சொல்லப்போகும் இடம். பெயர்ப்பலகை கிடையாது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் 'ஓடை' என்பார்கள், அவ்வளவுதான். ஒரு வளைவு, சின்னப் பாலம், பாசி பிடித்த கைப்பிடிச் சுவர். வண்டியை அணைத்தால்தான் இரைச்சல் கேட்கும். பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் விளிம்பில் மறைவது மட்டும் தெரியும். அருவி அதற்குக் கீழே, ஏறக்குறைய 40 அடியில்.

நமக்கு மழை இரண்டு தடவை: வைகாசிக் கடைசியில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழை. கொட்டுகிற நாளில் போகவே வேண்டாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் அன்றைக்கு இந்தப் பக்கமும் வேண்டாம். பங்குனியில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

சுற்றிலும் காடு சரணாலயம். வனத்துறை செக்போஸ்ட்டில் கேட்டு, அவர்கள் விடுகிற இடம்வரை மட்டும் போகவேண்டும். யானை இறங்குகிற பக்கம் என்பதால் மாலை நாலு மணிக்குள் ரோட்டுக்கு ஏறிவிடுவது என் வழக்கம்.

இறங்கும்போது பாதி தூரம் ரப்பர் தோட்டம். மரம் நட வெட்டிய தட்டுகளில் குறுக்காக, வளைந்து வளைந்து போங்கள். நேராக இறங்கினால் அழுகின சருகு வாரிவிடும். மரத்தைப் பிடிக்கலாம், ஆனால் பால் வடிகிற பட்டையிலும், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையிலும் கை வைக்காதீர்கள். சிரட்டை கவிழ்ந்தால் ஒருத்தருடைய உழைப்பு மண்ணில் போச்சு.

தோட்டம் முடிந்ததும் பாறை. முதல் தடவை நான் அருவியைப் பார்த்தபடி, வெளிப்பக்கம் முகம் வைத்து இறங்கினேன். மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன், கட்டியிருந்த சாரம் (லுங்கி) கிழிந்தது. மேலே பால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஏணியில இறங்குனா மொகம் எங்க பாக்கும்?" அதுதான் முழு வித்தையும். பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் ஒரு காலும் ஊன்றி நின்ற பிறகே அடுத்த கால் கீழே தேடிப் போகவேண்டும். கறுப்பாகப் பளபளக்கிற இடமெல்லாம் பாசி. சொரசொரப்பாக வெளுத்துக் கிடக்கிற பாறையில் மிதியுங்கள். ரப்பர் செருப்பு ஆகவே ஆகாது. நான் பழைய பருத்திச் சாக்ஸ் மட்டும் போட்டு இறங்குகிறேன். வெறுங்காலைவிட நல்ல பிடி. பிரம்பங்கொடியைப் பிடித்தால் கை முழுக்க முள். போனைச் சட்டைப்பையில் வைக்காமல், பிளாஸ்டிக் உறையில் கட்டி முதுகுப்பையில் போடுங்கள்.

கீழே வந்ததும் உடனே தண்ணீரில் இறங்காதீர்கள், அதன் நிறத்தைப் பாருங்கள். நமக்கு மேல் வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ சாமானை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். குதிப்பது வேண்டவே வேண்டாம். போன மழைக்கு மணலாக இருந்த இடத்தில் இந்த மழைக்குப் பாறை கிடக்கும். விழுகிற இடத்துக்கு நேர்கீழே நிற்காமல் ஓரச் சாரலில் நனைந்தாலே பல் கிட்டித்துவிடும்.

ஏறுவது சுலபம். மேலே வந்ததும் தடிக்காரன்கோணத்தில் கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் தேடுவதற்கு முன், தோர்த்தை (துண்டை) உதறி, கால் விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிய்க்காமல் உப்பு வையுங்கள், தானே விழும். நான் பார்க்காமல் வீட்டுக்குப் போன அன்றைக்குத் திண்ணையில் இரண்டு கிடந்தது, அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.