மாய உலகக் கதையில் நாயகன் சறுக்கும் இடங்கள்

கோடம்பாக்கத்து டிஸ்கஷன் ரூமில் ஃபேண்டஸி கதை என்று பேச்செடுத்தால், இரண்டாவது டீ வருவதற்குள் போர்டில் 12 கட்டங்கள் ஏறிவிடும். புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949-ல் புராணங்களை அலசி, நாயகன் ஊரை விட்டுப் போய், சோதனைகளைத் தாண்டி, மாறித் திரும்பும் 'நாயகப் பயணத்தை' எழுதியபோது அந்தக் கட்டங்கள் 17. திரைக்கதைக்காரர்களுக்காக 12 ஆகச் சுருக்கியவர் ஹாலிவுட்டின் கிறிஸ்டோபர் வோக்லர்.

அந்த 12-ல் நம்ம ஊர் இடைவேளை கிடையாது. பெரிய கோளாறே இங்கேதான். 150 நிமிடப் படத்தில் 75-வது நிமிடம் விளக்கு எரியும். "ஹீரோ மாய வாசலைத் தாண்டுறான், இன்டர்வெல்" என்பது டிஸ்கஷனில் கைதட்டு வாங்கும். ஆனால் அதுவரை திரையில் ஓடியது காதலும் நண்பன் காமெடியும் இரண்டு பாட்டும்தான். போஸ்டரில் டிராகனைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர், பாப்கார்ன் வாங்க எழுந்திருக்கும்போதுதான் டிராகன் தலைகாட்டும். வாசலை 30, 35-வது நிமிடத்துக்கு முன்னால் இழுங்கள். இடைவேளையில், கைக்கு வந்தது பறிபோகட்டும். இல்லை, நாயகன் சாவைத் தொட்டு மீளட்டும்.

அடுத்தது, சாகசத்துக்கு வரும் அழைப்பை நாயகன் முதலில் மறுக்கும் கட்டம். 'மாஸ் ஹீரோ பயப்படலாமா?' என்று முதலில் கத்தரி விழுவது இதில்தான். ஓர் உதாரணம்: கடலில் மூழ்கிய கோயிலின் சாவி, காசிமேட்டு விசைப்படகு மெக்கானிக் ஒருவனின் கைக்கு வருகிறது. உடனே குதித்துவிட்டால், ஆழத்தில் எந்தப் பூதம் வந்தாலும் நமக்குப் பதறாது. அவன் அப்பா அதே கடலில் போய்த் திரும்பாதவர் என்று வையுங்கள். சாவியை எண்ணெய்த் துணியில் சுற்றி, டூல் பாக்ஸின் அடியில் தள்ளிவிட்டு, மறுபடி டீசல் பம்பைக் கழற்ற உட்காருகிறான். ஸ்பேனர் நட்டில் உட்காராமல் இரண்டு தடவை வழுக்குகிறது. வசனமே வேண்டாம், ஒரு நிமிடம் போதும். போனால் எதை இழப்பான் என்பது அங்கேயே பதிந்துவிடும்.

குரு, எதிரி என்று கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பாத்திர வார்ப்புகளான தொல்படிமங்களை (archetypes) ஆள் கணக்காக எடுப்பதும் வழக்கம்: தாடி வைத்தவர் குரு, கறுப்பு அங்கி வில்லன். அவை முகமூடிகள், ஒரே ஆள் சீனுக்குச் சீன் மாற்றிக்கொள்ளலாம். வடபழனி வாகினி ஸ்டூடியோவில் உருவான 'பாதாள பைரவி'யில் (1951) மந்திரவாதி, தோட்டக்காரர் மகனுக்குச் செல்வத்துக்கு வழிகாட்டும் குருவாக வருகிறான். மனதில் இருப்பதோ அவனையே பலி கொடுக்கும் திட்டம். வழிகாட்டியும் எதிரியும் ஒரே உடம்பில். நாயகன் வென்ற, கேட்டதைத் தரும் மாயச் சிலை பின்னால் பறிபோவதையும் கவனியுங்கள். மேலே சொன்ன இடைவேளைக்கு அந்த மாதிரி அடிதான் வேண்டும்.

மந்திரத்துக்கு விலை இல்லாவிட்டால் கிளைமாக்ஸில் புது சக்தி முளைத்து மானத்தை வாங்கும். எந்த சக்தியானாலும் முதல் பாதியிலேயே ஒரு முறை காட்டி, அதனால் என்ன போகிறது என்பதையும் காட்டிவிடுங்கள்: பார்வை, நினைவு, ஆயுளில் ஒரு வருடம், ஏதோ ஒன்று.

கடைசிக் கட்டமான திரும்பி வருதல், பெரும்பாலும் ஷூட்டிங் நாட்கள் தீர்ந்துபோய் விடுபடுகிறது. வில்லன் செத்ததும் 'சுபம்' போடாமல் இரண்டு சீன் ஒதுக்குங்கள். மெக்கானிக் காசிமேட்டுக்கு வரவேண்டும். அந்த டூல் பாக்ஸைத் திறக்கவும் வேண்டும்.