கியர்பாக்ஸை இறக்கும் முன் கையில் ஒரு ஸ்கேலை எடுங்கள்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது, வளைவில் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு இறக்கப் போனால் கியர் விழ மறுக்கிறது, இல்லையென்றால் கிளட்ச் பெடல் காலோடு தரைக்குப் போய் அங்கேயே கிடக்கிறது. உடனே 'கிளட்ச் பிளேட் போச்சு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேபிள் இல்லாமல் ஆயிலில் வேலை செய்யும் கிளட்ச் உள்ள பழைய பிக்கப் என்றால், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், அந்த ஆயில் அழுத்தத்தில் ராடைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும் கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவில் ஓடும் பைப், ஹோஸ் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வம்பு பண்ணுகிறது. கியர்பாக்ஸை இறக்கினால் அன்றைய லோடு போச்சு, கூலி தனி. சிலிண்டர் வேலையோ, சாமான் கையில் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் வெண்ணெய் போல விழுந்து, ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள், கரகரவென்று பல் கடித்தால் சந்தேகமே வேண்டாம்.

பெடலே பாதி சொல்லிவிடும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்த பிறகு கெட்டியானால் லைனில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது, செக்போஸ்ட் வரிசையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள், வண்டி மெதுவாக முன்னால் ஊர ஆரம்பித்தால், வெளியில் எங்கும் கசிவு இல்லாவிட்டாலும் மாஸ்டரின் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் ஆயிலைப் பின்னால் விட்டுக்கொண்டிருக்கிறது. பெடல் வழக்கத்தைவிடக் கல்லாக இருந்தால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், ஸ்லேவ் ராடு தள்ளும் நெம்புகோலான ஃபோர்க் இறுகியிருக்கலாம், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டாகவும் இருக்கலாம்.

அடுத்து ஆயில் டப்பா. பிளேட் தேய்ந்ததால் ஆயில் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் உள்பக்கம் தள்ளப்படுவதால் பெரும்பாலான வண்டிகளில் டப்பாவில் மட்டம் லேசாக ஏறத்தான் செய்யும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். டிரைவர் பக்கம் குனிந்து, பெடலோடு சேரும் ராடு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இடத்தை விரலால் தடவுங்கள், ஈரமாக இருந்தாலோ பெயின்ட் உரிந்திருந்தாலோ மாஸ்டர் போய்விட்டது. கீழே ஸ்லேவின் ரப்பர் மூடியை நீக்கிப் பாருங்கள், உள்ளிருந்து ஆயில் கொட்டினால் ஸ்லேவ். டப்பாவில் இருப்பது கறுப்பாக, மசி கலந்தது மாதிரி இருந்தால் ரப்பர் வாஷர்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. இந்த டப்பாவில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான், ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் வண்டிப்பெரியாறு பக்கம் ஓடுகிற வண்டிக்குக் கேட்கவே வேண்டாம், சிலிண்டர் உள்ளே துருப் புள்ளி வைத்துவிடும்.

இப்போதுதான் ஸ்கேல். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே போய் ஸ்லேவ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்). சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நல்ல வீச்சு வர வேண்டும். ராடு நொண்டினால் கோளாறு ஆயில் பக்கம். ராடு முழுசாகப் போய்வந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் மட்டுமே ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் என்று உள்ளே போக வேண்டும். ஒன்று மட்டும், பெடல் மிதிக்கும்போது மாஸ்டர் பொருத்தியிருக்கும் தகடே முன்னால் வளைகிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். பழைய வண்டியில் அந்த ஃபயர்வால் விரிசல் விட்டிருந்தால் எத்தனை சிலிண்டர் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

லைனில் சேர்ந்த காற்றை எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஸ்லேவில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்குங்கள். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளை அரைச்சுற்று திறந்து, குமிழி போனதும் மூடி, பிறகுதான் பெடலை விடச் சொல்ல வேண்டும், இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். நடுநடுவே டப்பாவை நிரப்பிக்கொண்டே இருங்கள், ஒரு முறை காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். என்ன பண்ணியும் பஞ்சுத்தன்மை போகவில்லையா, ஸ்லேவைக் கழற்றி நிப்பிள் மேல்பக்கம் வருமாறு பிடித்து, ராடை கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள், குமிழி டப்பாவில் வந்து வெடிக்கும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வந்துவிடும்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, டப்பா மூடியில் எது போட்டிருக்கிறதோ அது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எதையும் அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் மொத்த லைனும் நாசம். வாஷரை மண்ணெண்ணெயில் கழுவுவதும் அதே கதைதான். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ரப்பர் வாஷர் கிட் மட்டும் போடுவதா, முழு சிலிண்டரா? உள்ளே விரலைவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் கிட் போதும். புள்ளியோ கீறலோ இருந்தால் எமரி தேய்த்துக் கிட் போடலாம்தான், ஆனால் மலையில் நாள் முழுக்க கிளட்ச் மிதிக்கிற வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், புது சிலிண்டரே வாங்குங்கள்.

ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை என்றால் அது ஸ்லிப், அதாவது கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது, பெரும்பாலும் பிளேட்தான். ஆனாலும் வண்டி சூடான பிறகு மட்டும் ஸ்லிப் ஆனால், அந்த நிலையிலேயே நிப்பிளை ஒரு நொடி திறந்து மூடிப் பாருங்கள். ஆயில் பீறிட்டு ஸ்லிப் நின்றால் லைனில் அழுத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. பெடல் ராடில் துளிகூட ஆட்டம் இல்லாமல் டைட்டாக வைத்தாலும், ஹோஸ் உள்ளே ஊதியிருந்தாலும் இப்படி ஆகும்.

வழியில் மாட்டிக்கொண்டால் முதலில் டப்பாவை நிரப்பிப் பம்ப் அடித்துப் பாருங்கள், ஒரு ஒர்க்‌ஷாப் வரைக்கும் தாங்கலாம். அதுவும் இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, ஃபர்ஸ்ட் போட்டு, செல்ஃப் அடித்தால் வண்டி அப்படியே கிளம்பும், வெறும் வண்டியாக, சமதளத்தில், ஆள் இல்லாத ரோட்டில் மட்டும். ஏலக்காய் மூட்டையோடு கம்பமெட்டு ஏற்றத்தில் அதை முயற்சி செய்யாதீர்கள், ஓரமாக நிறுத்திக் கட்டை வைத்துவிட்டு மெக்கானிக்குக் கூப்பிடுங்கள்.